பக்கவாதத்துக்குப் பிறகு: வீடு தேடி வரும் பிசியோதெரபியும் விசாரித்துப் போட வேண்டிய அக்குபஞ்சரும்

பக்கவாதம் வந்து, உயிர் பிழைத்து, ஒரு பக்கக் கை கால் விழுந்த நிலையில் வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரு வரி இருக்கும். சமவெளியில் ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். நீலகிரியில் ஹட்டி என்னும் மலைக் கிராமத்திலோ, எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடான லயனிலோ இருப்பவரை ரோட்டுக்குக் கொண்டுவரவே நாலு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால் அந்த வரி சீட்டோடு நின்றுவிடுகிறது. சில மாதம் கழித்து, "மேட்டுப்பாளையத்தில் அக்குபஞ்சர் ஊசி போட்டால் கை வந்துவிடுமாமே" என்று யாராவது சொல்ல, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் அரசு இலவசமாகத் தருவதைக் கேட்டு வாங்குங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் பெரும்பாலோருக்குத் தெரியும். வெளியே வர முடியாதவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவரைச் செவிலியர் வந்து பார்ப்பதும் அதே திட்டத்தில்தான் உண்டு. ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது ஏற்பாடு. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, "வீட்டு பிசியோதெரபிக்குப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்து விசாரிக்கலாம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. நீலகிரியில் இருப்பது நாலே ஒன்றியங்கள். கூடலூரிலிருந்து சேரம்பாடி வரை ஒரே ஒன்றியம். அங்கே ஒருவர் தினமும் உங்கள் வீட்டுக்கு வருவது நடக்காத காரியம். ஆகவே அவர் வரும் நாளில் வீட்டிலிருக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த அசைவு, எத்தனை முறை, படுக்கையில் எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது, தோளை எப்படித் தாங்குவது என்று போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள்வலி பலருக்கு அதில் தொடங்குகிறது. முதல் மூன்று மாதத்தில் வரும் முன்னேற்றம்தான் அதிகம். இலை பறிக்கப் போகும் வீட்டில் பகலில் ஆள் இருக்காது என்பது தெரியும். காலை அரை மணி, மாலை அரை மணி என்று பிரித்தாவது செய்யுங்கள்.

வெளியே வர முடிகிறவர்கள் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மீண்டும் அட்மிட் ஆக நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது கிடைக்கும்.

இனி அக்குபஞ்சர். அது சட்டவிரோதம் அல்ல. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் அதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. மகாராஷ்டிரம் தனிச் சட்டமே போட்டுக் கவுன்சில் அமைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்த இயற்கை மருத்துவர்களுக்கு இது பாடத்திலேயே உண்டு. அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருந்தால், மலையிறங்குவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

அது பலன் தருமா? பிசியோதெரபியோடு அக்குபஞ்சரைச் சேர்த்துப் பார்த்த 14 ஆய்வுகளை, மொத்தம் 1,213 நோயாளிகள், 2002-ல் தொகுத்துப் பார்த்தார்கள். கை கால் அசைவில் கூடுதல் பலன் தெரியவில்லை. அன்றாட வேலைகளில் சிறு முன்னேற்றம் தெரிந்தாலும், அது ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையால்கூட வந்திருக்கலாம் என்றார்கள். 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 31 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பலன் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது, வழக்கமான சிகிச்சையாகச் சொல்ல முடியாது என்றது. அதே ஆண்டு அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல், கை அசைவுக்காக இதைப் பரிந்துரைக்கவில்லை. பிசியோதெரபியை விடாமல் செய்துகொண்டு, கையில் காசும் இருந்தால் போட்டுப் பாருங்கள். காருக்கும் ஊசிக்கும் செலவழித்துவிட்டு வீட்டுப் பயிற்சியை நிறுத்துவது நஷ்டம்.

போடுவதற்கு முன் படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியா என்று கண்ணால் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் கரண்ட் வைத்த ஊசி வேண்டாம். மரத்துப்போன பக்கத்தில் சூடு வைப்பதிலும் ஆபத்து உண்டு, வெந்தாலும் தெரியாது. குளிருக்கு வீட்டில் வைக்கும் வெந்நீர்ப் பைக்கும் இதே எச்சரிக்கைதான்.

விரலால் தொட்டே குணமாக்குகிறேன், இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்து என்று சொல்பவர்களும் அக்குபஞ்சர் என்ற பெயரில்தான் இருக்கிறார்கள். ஆய்வில் பார்த்தது ஊசி போட்ட சிகிச்சையை. அதையும் மற்ற மருத்துவத்தோடு சேர்த்துத்தான். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் இரண்டாவது முறை பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். மருந்தை நிறுத்து என்று சொன்ன நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறு மாதம் ஆகியும் கை கால் முழுதாக வரவில்லையென்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். நரம்புக் கோளாறுக்கு மதிப்பீடு வழக்கமாக நோய் வந்து ஆறு மாதத்துக்குப் பிறகுதான். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் வருவாய்த் துறை உதவித்தொகைக்குக் கேட்கலாம். 2023 ஜனவரி முதல் அது மாதம் 1,500 ரூபாய். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. சக்கர நாற்காலிக்கும் அந்தத் துறையின் அலுவலகத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, போட்டோ ஆகியவற்றோடு ஒரு செட் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு போங்கள். நோயாளியை நேரில் கொண்டுவர வேண்டிய நாளை முன்பே கேட்டுக்கொண்டால் ஒரு பயணம் மிச்சம்.