12 போர் துப்பாக்கி வெடிக்காமல் நின்றால் முதலில் கேப்பைப் பாருங்கள்

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் வங்கி வாசலில் காவல் நிற்பவர்களில் பலர் முன்னாள் ராணுவத்தினர். ரைஃபிளைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டியவர்கள். இப்போது கையில் இருப்பதோ 12 போர் (bore, குழலின் அளவு), இரட்டைக் குழல் அல்லது முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன். இதன் கோளாறுகள் வேறு. வெடிக்காவிட்டால் "தோட்டா பழசு" என்று சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் தோட்டா மேல் குற்றமில்லை.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், குழலை ஆளில்லாத திசையில் வைத்தபடியே 30 விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து, தோட்டாவின் அடியில் நடுவே உள்ள கேப்பை, அதாவது குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியைப் பாருங்கள். நட்டநடுவில் ஆழமான குழி விழுந்திருந்தால் பெரும்பாலும் தோட்டாதான் கெட்டது. தடம் லேசாக இருந்தால், கேப்பைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு வேகம் போதவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பின் ஓடும் துளையில் அழுக்கு இறுகியிருக்கும். தடமே இல்லையா? பின் உடைந்திருக்கலாம். பம்ப் துப்பாக்கியானால் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நின்றிருக்கலாம்.

அந்த அழுக்குக்கு நம் ஊரில் முக்கியக் காரணம் தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். ராத்திரி முழுக்க ஏசி அறையில் இருந்த துப்பாக்கியில் பின்னைச் சுற்றி மெழுகு மாதிரி பிடித்துக்கொள்ளும். நாள்பட்டால் பிசுபிசுத்து, வெயில் காலத்துப் புழுதியையும் சேர்த்து இழுக்கும். துப்பாக்கி எண்ணெய் மட்டும் போடுங்கள், அதுவும் ஒன்றிரண்டு சொட்டு. ஃபயரிங் பின் துளையில் ஊற்றவே வேண்டாம். வழிந்து கேப்புக்குள் இறங்கினால் நல்ல தோட்டாவும் வீணாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் இரும்பு வியர்க்கும். அந்த ஈரம் சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) தங்கித் துரு பிடித்தால், சுட்ட தோட்டா கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிய்த்துவிட்டு வெறுமனே வரும். எடுத்தவுடன் உலர்ந்த துணியால் துடையுங்கள். சேம்பருக்கு 12 போர் வெண்கல பிரஷ் வேண்டும். பட்டாளத்து ரைஃபிள் பழக்கத்தில் 4×2 அங்குலத் துணியைப் போட்டு இழுப்பது போதாது, சுமார் 18.5 மில்லிமீட்டர் குழலில் அது சுவரைத் தொடாமலே வந்துவிடும்.

தோட்டாக்களைத் தோல் பெல்ட்டிலேயே மாதக்கணக்கில் விட்டுவைப்பதையும் நிறுத்துங்கள். தோல் பதனிட்ட சரக்கு பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். களிம்பேறிய தோட்டா சேம்பரில் முழுதாக உட்காராது. உட்கார்ந்தால் வெளியே வராது.

பம்ப் ஆக்‌ஷனில் தோட்டா சிக்குவதற்குப் பெரும்பாலும் கைதான் காரணம். பிடியைப் பாதிதூரம் இழுத்துவிட்டு முன்னே தள்ளினால், கூடு வெளியேறாது, அல்லது அடுத்த தோட்டா மேலே ஏறாது. பின்னே முட்டும்வரை இழுத்து, தயங்காமல் முன்னே தள்ள வேண்டும். டம்மி தோட்டா போட்டுப் பழகுங்கள்.

சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டதா? அதோடு நிறுத்துங்கள். தோட்டாவில் மருந்துக்கும் ஈயக் குண்டுகளுக்கும் நடுவே இருக்கும் வாட் குழலுக்குள் அடைத்திருக்கலாம். அடுத்த குண்டு குழலையே கிழித்துவிடும். எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். 12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா வீட்டில் இருந்தால் தனியாகப் பூட்டி வையுங்கள். 12 போர் குழலில் அது சறுக்கி முன்னே போய் நின்றுகொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும். பின்னாலேயே ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் கையும் போகும்.

தாத்தா காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குழலின் அடிமுத்திரையைப் படியுங்கள். பலவற்றின் சேம்பர் 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் சுலபமாக நுழையும், ஏனெனில் அந்த அளவு, மடித்து மூடிய வாய் சுட்டதும் விரிந்த பிறகு உள்ள நீளம். விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

ஸ்பிரிங், பின், விசை எதுவானாலும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். விசைப் பூட்டை அரத்தால் ராவினால், கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே துப்பாக்கி வெடிக்கலாம். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.