டீச்சருக்கு சலிப்பு சம்பளத்தாலயா வருது?

வட்டார வளமையத்துல ஆசிரியர் பயிற்றுநரா, அதாவது ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்து வழிகாட்டுற வேலையில இருக்கேன், தொடக்கப் பள்ளிகளுக்குப் போறதுதான் பாதி வேலை. வெளிய எங்க போனாலும் ஒரே கேள்விதான், "கவர்மென்ட் டீச்சருக்கு என்னங்க, கை நிறைய சம்பளம், அப்புறம் எதுக்கு சலிச்சுக்குறாங்க?" சம்பளத்துல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2009 மே 31 வரைக்கும் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்பு எடுக்குறவங்க) அடிப்படைச் சம்பளம் 8,370, மறுநாள் ஜூன் 1-லேர்ந்து சேர்ந்தவங்களுக்கு 5,200னு நிர்ணயிச்சாங்க, ரெண்டு பேரும் பாக்குறது ஒரே வேலை, அந்தக் கோபம் நியாயமானது. ஆனா நான் நேர்ல பாக்குற சலிப்பு பெரும்பாலும் பாடமே நடத்த விடாம பண்றதால வர்றது.

ஈராசிரியர் பள்ளிய எடுத்துக்கோங்க. 60 பிள்ளைங்க வரைக்கும் 2 ஆசிரியர், வகுப்பு மட்டும் 5. ஹெச்.எம். மீட்டிங் போயிட்டா மிச்சம் ஒரே ஆளு. எழுத்தும் கணக்கும் கத்துக்குடுக்குற 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல பிள்ளைங்கள அவங்க கத்துக்கிட்ட அளவ வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உக்கார வச்சு, பாட்டு, கார்டுன்னு வகுப்பு களைகட்டுற நேரம் பாத்து வாட்ஸ்அப் குரூப்புல "உடனே அனுப்பவும்"னு வரும், எமிஸ்ல (பள்ளி விவரமெல்லாம் பதியுற அரசு இணையதளம்) ஏத்தணும், டவர் கிடைக்காது, போனைத் தூக்கிக்கிட்டு காம்பவுண்ட் சுவர் ஓரமா நிப்பாங்க, திரும்பி வர்றதுக்குள்ள அரும்பு மொட்டு எல்லாம் கலந்து ஒரே கூத்து. தினம் இப்படின்னா புதுசா ஒரு டி.எல்.எம். (பாடம் நடத்த உதவுற கார்டு, மாடல் மாதிரி பொருள்) செய்யணும்னு யாருக்குத் தோணும்?

கல்வி உரிமைச் சட்டம் 27-வது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேற வேலை குடுக்கக் கூடாதுங்குது. ஆனா அந்த விலக்குலயே நிறைய நேரம் போயிடுது, தேர்தல்னா ஓட்டு போடுற அன்னைக்கு மட்டும் இல்ல, பி.எல்.ஓ.வா (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வாக்காளர் பட்டியல் வேலைக்கு வீடு வீடா அலையறதும் சேத்திதான்.

அப்புறம் ஆய்வுக்குப் போறவங்க பேசுற விதம். பிள்ளைங்க முன்னாடியே நோட்டைப் புரட்டி "என்ன டீச்சர் இது, ரெண்டாங்கிளாஸ் பையனுக்கு கழித்தல் வரல"ன்னு கேட்டுட்டு ஜீப் ஏறிடுவாங்க, அந்த டீச்சர் அடுத்த நிமிஷமே அதே பிள்ளைங்க முன்னாடி நின்னு பாடம் எடுத்தாகணும். ஹெச்.எம். ரூம்ல தனியா சொன்னா என்ன கெட்டுடும்? வெளிய வந்து பிள்ளைங்க முன்னாடி ஒரு பாராட்டு சொன்னா இன்னும் நல்லது, செலவு இல்லாத விஷயம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூல்ல ஹெச்.எம். மேடம் காலையில அட்டெண்டன்ஸ் மட்டும், மத்த எமிஸ் வேலையெல்லாம் சாயங்காலம் பெல் அடிச்ச பிறகுதான்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா அவங்களே பேசிக்குவாங்க, திட்டையும் அவங்களே வாங்கிக்குவாங்க. அங்க இருக்குற டீச்சர் தினம் ரெண்டு பஸ் மாறி வர்றவங்க, வீட்டுப் பக்கத்துல காலியிடம் இருந்தும் டிரான்ஸ்பர் கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணவே இல்ல.