இரும்புக்குச் சோர்வு வருமா?

ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க நம் கையில் பலம் கிடையாது. அதையே இப்படியும் அப்படியுமாகச் சில தடவை வளைத்தால் பட்டென்று இற்றுவிடும். பொறியியலில் இதற்கு ‘உலோகச் சோர்வு’ என்று பெயர். இந்தப் பெயர் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு.

துணி நைகிறது, கத்தி மழுங்குகிறது, செருப்பு தேய்கிறது, கயிறு இற்றுப்போகிறது. ஒன்றை மாற்றி இன்னொன்றைச் சொன்னால் காதுக்கே ஒப்பாது. உள்ளே நடப்பதும் வேறு வேறுதான்.

பருத்தி நூலைப் பாருங்கள். குட்டைக் குட்டையான இழைகளை முறுக்கித் திரித்ததுதான் நூல். அவற்றைப் பிடித்துவைப்பது முறுக்கினால் வரும் உராய்வு மட்டுமே. உரசும்போதும் துவைக்கும்போதும் சில இழைகள் உடைந்தும் நழுவியும் வெளியேறும், நூல் மெலியும். இது நைவது. தேய்வது அப்படியல்ல. எவ்வளவு வழவழப்பான பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. இரண்டு பரப்புகள் உரசும்போது அந்த மேடுகளின் உச்சிகள்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. மொத்தப் பாரமும் அங்கே இறங்குவதால் உச்சிகள் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வருகின்றன.

மழுங்குவதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. சவர பிளேடின் எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் முடி அதை மழுங்கடிக்கிறது! அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முடி சாய்ந்து வளையும்போது, விளிம்பில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் சில்லு பெயர்கிறது.

சரி, கம்பிக்கு வருவோம். வளைக்கும்போது உலோகப் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் வழுக்குகின்றன. திரும்பத் திரும்ப வழுக்கினால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் பிறக்கும். ஒவ்வொரு வளைப்பிலும் அது கொஞ்சம் நீளும். மிச்சமிருக்கும் பகுதியால் தாங்க முடியாதபோது முறிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் இப்படித்தான் முறிந்தன. ஜெர்மன் பொறியாளர் ஆகுஸ்ட் வோலர் அவற்றை ஆண்டுக்கணக்கில் சோதித்து, ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும் பல தடவை ஏறி இறங்கினால் முறித்துவிடும் என்று காட்டினார். 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்கும் இதே உலோகச் சோர்வுதான் காரணம்.

என் மனக்குறை இதுதான்: சோர்வு என்றால் ஆற வேண்டும். களைப்பாறுகிறோம், இளைப்பாறுகிறோம். ‘ஓய்ந்துபோனேன்’ என்பதும் ‘ஓய்வு’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. கடுமையாக உழைத்த தசைநாரில் பாஸ்பேட் சேர்ந்து, தசையைச் சுருங்கத் தூண்டும் கால்சியம் போதிய அளவு வெளிவராமல் இழுவிசை குறைகிறது. ஓய்வு கொடுத்தால் அந்த நிலை மாறிவிடும். இரும்பை ஒரு வருடம் சும்மா வைத்தாலும் கீறல் அப்படியே இருக்கும். அதனால் ‘உலோக இறுதல்’ என்றிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும்.

நம் எலும்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் அதிலும் நுண்கீறல்கள் விழுகின்றன. ஆனால் ஒருவகைச் செல்கள் பழுதான பகுதியை அரித்தெடுக்க, இன்னொருவகை அங்கே புது எலும்பைக் கட்டுகின்றன. இந்த வேலைக்கு அவகாசம் தராமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஓட்டக்காரர்களுக்குத்தான் கால் எலும்பு விரிசல் விடுகிறது. பெரும்பாலும் சில வாரங்கள் ஓய்வு கொடுத்தால் அதுவும் கூடிவிடும். விமானப் பாகத்துக்கு அந்த வழி இல்லை. முக்கியமான சில பாகங்கள் எத்தனை தடவை பறந்தன என்று எண்ணிவைத்து, கணக்கு முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள்.