கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்டுக்குத் தமிழ் என்ன, ஈடுபாடா பங்கா?

பாம்பன் பக்கம் எங்க ஊர்ல ஒரு கூட்டம் போட்டாங்க. பேனர்ல "சமூக ஈடுபாட்டுக்கான தேசிய வியூகம்: கருத்துப் பகிர்வு"ன்னு பெருசா எழுதியிருந்துச்சு, இங்கிலீஷ்ல அது "நேஷனல் ஸ்ட்ராட்டஜி ஃபார் கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்", அதாவது ஊர் மக்களையும் சேர்த்துக்கிட்டுக் காரியம் பண்றதுக்கு ஒரு திட்டம், அந்தத் தமிழைச் சரிபார்த்துக் குடுத்தது நான்தான். கூட்டம் ஆரம்பிக்கிற நேரத்துல கடல்பாசி எடுக்கப் போற பெரியம்மா ஒருத்தவங்க, விரல்ல சுத்துன துணியைக்கூட இன்னும் அவுக்கல, ஈரச்சேலையோட வாசல்லயே நின்னு எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா தம்பி, இது எந்தச் சமூகத்துக்கு வச்ச கூட்டம், நாங்க உள்ள வரலாமா"ன்னு கேட்டாங்க.

அவங்க கேட்டது சரியான கேள்வி. நம்ம ஊர்ல கம்யூனிட்டின்னா முதல்ல ஞாபகம் வர்றது கம்யூனிட்டி சர்டிபிகேட், அதாவது சாதிச் சான்றிதழ். சமூகம்னு தமிழ்ல எழுதினாலும் "அந்தச் சமூகத்து ஆளுக, இந்தச் சமூகத்து ஆளுக"ன்னுதான் காதுல விழுது. ஊருக்கே பொதுவா வச்ச கூட்டத்துக்கு ஒரு சாதிக்கூட்டம் மாதிரி பேர் வச்சிருந்தா வாசல்ல நிக்கிறவங்க தயங்கத்தான் செய்வாங்க. அன்னைலேருந்து இந்த ரெண்டு வார்த்தையையும் தோண்டிக்கிட்டே இருக்கேன்.

முதல்ல கம்யூனிட்டி. லத்தீன்ல "முனுஸ்"னு ஒரு சொல், கடமை, பொறுப்பு, கொடைன்னு அர்த்தம். அதுக்கு முன்னால சேர்ந்துங்கிற அர்த்தத்துல "கொம்" வந்து ஒட்டினதுதான் பின்னாடி கம்யூனிட்டி ஆச்சு. முனிசிபாலிட்டியும் அதே முனுஸ்ல பொறந்ததுதான். அப்போ ஒரே இடத்துல இருக்கிறவங்கன்னு மட்டும் இல்ல, பொதுப்பொறுப்பைச் சேர்ந்து சுமக்கிறவங்கன்னு அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. நம்ம சமூகம் வடமொழி "சமூஹ"ங்கிறதுலேருந்து வந்தது, அதுக்குக் கூட்டம், குவியல்னு பொருள், சுமை எதுவும் அதுல இல்ல. பழைய கடுதாசியில "ஐயா அவர்கள் சமுகத்துக்கு"ன்னு எழுதுவாங்களே அது வேற சொல், நேருக்கு நேர் முகம் பார்த்து நிக்கிறதுங்கிற "சம்முக"த்துலேருந்து வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழ்ல இன்னைக்கும் கூட்டத்துக்கு வர்றதை "சமூகமளித்தல்"னு சொல்றாங்க, அது இந்த முகம் பார்க்குற சமுகம்தான். எனக்கு இந்தச் சொல்லு ரொம்பப் புடிச்சிருக்கு, ஆனா இந்தக் கரையில அது புழக்கத்துல இல்லையே.

அடுத்தது எங்கேஜ்மென்ட். இதைச் சொன்னா நம்ம வீட்டுல நிச்சயதார்த்தம்னுதான் புரிஞ்சுக்குவாங்க, அது தப்பும் இல்ல. பிரெஞ்சுல "கேஜ்"னா அடமானம், வாக்குக்குப் பிணையா வைக்கிற பொருள். வீட்டுக்கடனுக்கு மார்ட்கேஜ்னு சொல்றோமே, அதுல கடைசியில நிக்கிறதும் இதே கேஜ்தான். அதனால எங்கேஜ்மென்ட்டுக்கு அடிப்பொருள் பிணை வச்சுக் கட்டுப்படுறது. நிச்சயத்துல ரெண்டு வீட்டாரும் தட்டு மாத்துவாங்க, ஒரு வீடு மட்டும் தட்டைத் தூக்கிக்கிட்டு நின்னா அதுக்குப் பேர் நிச்சயம் இல்ல.

இதுல நான் அசந்து போன இடம் நம்ம "ஈடுபாடு". ஈடுன்னாலும் அடகுதான்! நகையை ஈடு வச்சுத்தான் வலை வாங்குறோம், இழப்பீடுங்கிறதுலயும் அந்த ஈடு இருக்கு. ரெண்டு மொழியும் தூரத்தூரமா இருந்துக்கிட்டு ஒரே மாதிரிச் சொல்லு வச்சிருக்கேன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னைக்குப் பேச்சுல ஈடுபாடுன்னா மனசு ஒட்டுறது மட்டும்தான், "அவனுக்குக் கபடியில ஈடுபாடு"ங்கிற மாதிரி. அதனால ரிப்போர்ட் எழுதுறவங்க சுலபமா "மக்களிடம் போதிய ஈடுபாடு இல்லை"ன்னு எழுதி முடிச்சிடுறாங்க, ஆள் வரலன்னா குறை மக்கள் மேல விழுந்துடுது, கூட்டம் போட்ட நேரம் ஏலம் நடக்குற நேரமா, பொம்பளைக பாசி எடுக்கத் தீவுப்பக்கம் போன நாளான்னு யாரும் பார்க்கிறதில்ல. "ஈடுபடுத்துதல்"னு மாத்தினா இன்னும் மோசம், போலீசை பந்தோபஸ்துக்கு ஈடுபடுத்துற மாதிரி மேலேருந்து ஒருத்தர் ஏவுற வேலையா ஆயிடுது.

வார்த்தையில என்ன இருக்குன்னு சிலர் கேட்பாங்க, ஆனா நாட்டுச் சட்டத்துலயும் கொள்கையிலயும் இந்த விசயம் இப்போ எல்லா இடத்துலயும் வருது. 73-வது திருத்தத்துல கிராம சபை அரசியல் சட்டத்துக்குள்ளயே வந்தாச்சு, தமிழ்நாட்டுல வருசத்துக்கு 4 நாள் நடந்தது 2022-லேருந்து மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்ந்து 6 நாள் ஆச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப்பேர் பெண்களா இருக்கணும்னு இருக்கு. சட்ட வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு 2014-ல மத்திய அரசே ஒரு கொள்கை முடிவு பண்ணுச்சு. காலேஜ் பசங்க ஊர் மக்களோட சேர்ந்து படிக்கணும்னு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2020-ல வழிகாட்டுதல் குடுத்துச்சு, அதுக்குப் பேரே கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்தான். அதே 2020-ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மட்டும் வந்தப்போ, அரசியல் சட்டத்துல பட்டியல் போட்டிருக்கிற 22 மொழியிலயும் மொழிபெயர்க்கணும்னு டெல்லி ஹைகோர்ட் சொல்ல வேண்டி வந்துச்சு. புரியாத மொழியில இருக்கிற கொள்கைக்கு எங்க பக்கத்து மூக்கையூர் மீனவர் என்ன கருத்து சொல்ல முடியும்?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அமெரிக்க அம்மா 1969-ல இதுக்கு எட்டுப் படி உள்ள ஒரு ஏணி போட்டுக் காட்டினாங்க. கீழ் ரெண்டு படி மக்களை ஏமாத்துறதும், குறை அவங்ககிட்டதான்னு வச்சு வைத்தியம் பாக்குற மாதிரி அவங்களைத் திருத்தப் பாக்குறதும், மூணாவது தகவல் சொல்றது, நாலாவது கருத்து கேட்குறது, ஆறாவதுக்குப் போனாத்தான் கூட்டா முடிவெடுக்கிறது வருது, அதுக்கு மேல அதிகாரமே மக்கள் கைக்கு வருது. நம்ம கூட்டங்கள்ல பாதி மூணு, நாலுலயே நின்னுடுது. அதனால "கருத்துக் கேட்பு"ங்கிற சொல்லை முழு எங்கேஜ்மென்ட்டுக்கும் போடுறதை நான் ஒத்துக்க மாட்டேன், அது நாலாவது படிக்கு மட்டும் உள்ள பேரு.

நான் நிக்கிற சொல் "பங்கேற்பு". அகராதியில பார்த்துச் சொல்லல, கரையில பார்த்ததை வச்சுச் சொல்றேன். நாட்டுப்படகு வந்து மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பங்கு வைப்பாங்க, படகுக்கு, வலைக்கு, ஆளுக்குன்னு. எண்ணும்போது சுத்தி எல்லாரும் நிப்பாங்க, கணக்கு வாய்விட்டுத்தான் போடணும், ஒரு நூறு ரூபா இடிச்சாலும் அந்த இடத்துலயே கேட்கலாம். கரைவலை இழுக்கிற இடத்துல வயசான தாத்தா கடைசியில வந்து கயிறைப் புடிச்சாலும் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும், சின்னதா இருந்தாலும் அவர் பங்கு அவருக்கு. தங்கச்சிமடம் பக்கம் கோயில் ஊருக்கே பங்குன்னுதான் பேரு, சாமியாரைப் பங்குத்தந்தைன்னுதான் சொல்றோம். இந்தக் கரையில பங்குன்னா கிடைக்கிறதும், கேட்குற உரிமையும், சுமக்குற பொறுப்பும் எல்லாமே அதுக்குள்ள வந்துடுது. லத்தீன் முனுஸ்ல இருந்த சுமையும் பிரெஞ்சு கேஜ்ல இருந்த பிணையும் ரெண்டும் இந்த ஒரு சொல்லுல இருக்கே! வந்து கையெழுத்துப் போட்டு டீ குடிச்சுட்டுப் போறது கலந்துக்கிறது, பங்கேற்குறதுன்னா முடிவுல பங்கு வேணும்.

அப்படி நடந்தது இங்கயே இருக்கு. விசைப்படகும் நாட்டுப்படகும் கடல்ல மோதிக்கிட்ட காலத்துல பேசி முடிவாகி வந்ததுதான் வாரத்துல மூணு நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகுங்கிற ஏற்பாடு. மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்சப்புறம் பாசி எடுக்குற பொம்பளைக பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, அப்புறம் அவங்களே சங்கமா சேர்ந்து மாசத்துல 12 நாள்தான் போறது, இரும்பு வச்சுச் சுரண்டாம கையாலதான் எடுக்குறதுன்னு கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. பாம்பன்ல கடல் ஓசை 90.4 எஃப்எம் 2016-லேருந்து மீனவங்களுக்குன்னே ஓடுது, அதைச் சமுதாய வானொலின்னு சொல்றப்போ யாருக்கும் சாதி ஞாபகம் வர்றதில்ல பாருங்க. அதனால கம்யூனிட்டிக்கு சமுதாயம் பரவாயில்ல, மக்கள்னு போட்டா அதைவிட நல்லது, ஊர்னு போட்டா எல்லாருக்கும் புரியும்.

பேனர்ல வியூகம்னு போட்டிருந்த ஸ்ட்ராட்டஜியைப் பத்தி ஒரு வார்த்தை. கிரேக்கத்துல அது படைத்தலைவனோட வேலை, வியூகமும் நம்மகிட்ட போர்க்களத்துச் சொல்லுதான். மக்களோட சேர்ந்து செய்யிற காரியத்துக்குச் சண்டைச் சொல்லு எதுக்கு, தொல்காப்பியமே 32 உத்தி சொல்லுது, நூல் செய்யிற முறைக்குத்தான், அந்த உத்தி போதும். ஆக, ஆவணத்துல "மக்கள் பங்கேற்புக்கான தேசிய உத்தி", நோட்டீஸ்ல "ஊர்க்கூட்டம்".

இன்னும் எனக்குப் பிடி கிடைக்காதது ஸ்டேக்ஹோல்டர், அதாவது ஒரு முடிவால நல்லதோ கெட்டதோ தங்களுக்கும் வர்றவங்க. பங்குதாரர்னா கம்பெனி ஷேர் மாதிரி இருக்கு, பங்காளின்னா சொத்துத் தகராறு ஞாபகம் வருது. இப்போதைக்கு "பங்குக்காரங்க"ன்னு எழுதுறேன். அடுத்த கூட்டத்து நோட்டீஸை அந்தப் பெரியம்மாகிட்ட முதல்ல படிச்சுக் காட்டினேன், "பங்குக்காரக எல்லாரும் வரணும்"ங்கிற இடத்துல நிறுத்தி, "அப்ப நானும் வரணும், பாசிக்குப் போகாத நாளாப் பாத்து வைக்கச் சொல்லு"ன்னாங்க. தேதியை மாத்தி எழுதிக் குடுத்திருக்கேன்.