பதிலின் கடைசி வரி எங்கே போனது?

காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "அப்பாவின் ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரத்துக்காக வெப்அசெம்பிளியில் ஒரு செயலி எழுதினேன். முகப்பு, வளவு இவற்றின் நீள அகலம் கொடுத்தால் எத்தனை கல் என்று பிரவுசரே கணக்குப் போட்டுவிடுகிறது. இருப்பு எவ்வளவு என்று சர்வரை ஜிஆர்பிசி வழியாகக் கேட்டால் மட்டும் பிழை. ஏன்?"

வெப்அசெம்பிளி என்பது வேறு மொழிகளில் எழுதிய நிரலைப் பிரவுசருக்குள் ஓட்டும் வடிவம். ஜிஆர்பிசி என்பது வேறொரு கணினியிலுள்ள ஃபங்ஷனை அழைக்கும் முறை. வெப்அசெம்பிளியால் நேராக நெட்வொர்க்கைத் தொட முடியாது. கேள்வியைத் தன் நினைவகத்தில் பைட்டுகளாக எழுதி, அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று இரண்டு எண்களை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஃபெட்ச் என்ற பிரவுசர் வசதி மூலம் அனுப்பும். இதுவரை சரி.

சிக்கல் பதிலில்தான். வேலை முடிந்ததா, தோற்றதா என்பதை ஜிஆர்பிசி கடைசியில், எச்டிடிபி டிரெய்லரில், அதாவது பதிலின் டேட்டாவுக்குப் பின்னால் வரும் குறிப்பு வரிகளில் சொல்லும். ஆயிரம் பதில்களை வரிசையாக அனுப்பும் சர்வர் 999ஆவதில் தடுக்கி விழலாம். முதலிலேயே எப்படி உறுதி கொடுப்பது? ஆனால் டிரெய்லரைப் படிக்க ஃபெட்ச் வழி தருவதில்லை.

பிரவுசருக்கென்றே செய்த ஜிஆர்பிசி-வெப் இதைத் தீர்த்த விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். டிரெய்லரையும் டேட்டாவோடு டேட்டாவாகச் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 5 பைட்: முதலாவது வகை, மற்ற நான்கும் நீளம். இருப்பு 300 கல் என்றால், 0, 0, 0, 0, 3 என்று தொடங்கி 8, 172, 2 என்று மூன்றே பைட்டில் விஷயம் முடிந்துவிடும். 8 என்றால் 'முதல் புலம், முழு எண்'. 172இல் உள்ள 128, 'இன்னும் இருக்கிறது' என்ற குறி. அதைக் கழித்தால் 44. அடுத்த 2ஐ 128ஆல் பெருக்கினால் 256. கூட்டிப் பாருங்கள், 300! அப்புறம் 128, 0, 0, 0, 15 என்று வரும். வகை 128 என்றால் இனி வருவது டேட்டா அல்ல, முடிவு நிலை. ஒரே ஒரு பிட் மாறியதில் பிரவுசரின் தடை தாண்டப்பட்டுவிட்டது.

ஜிஆர்பிசிக்கு அடிப்படையான யோசனை, தொலைவிலுள்ள கணினியை உள்ளூர் ஃபங்ஷன் போல அழைப்பது. அது பற்றி 1984இல் விரிவாக எழுதிய பிர்ரெல், நெல்சன் இருவரும் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்தவர்கள். நகல் இயந்திர நிறுவனம் இதற்குச் சம்பளம் கொடுத்தது. மாணவியின் ஊரிலும் தனியார் கொடை உண்டு: வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. அப்படிக் கொடுக்கும் தனியார் கைகள் இன்னும் நிறைய வேண்டும்.

மாணவி செய்ய வேண்டியது: செயலியில் ஜிஆர்பிசி-வெப் நூலகத்துக்கு மாறி, சர்வருக்கு முன்னால் என்வாய் என்ற ப்ராக்சியை (இடையில் நின்று செய்தியைக் கடத்தும் மென்பொருள்) வைப்பது. ஜிஆர்பிசி, ஜிஆர்பிசி-வெப் என்ற இரு வடிவங்களுக்கும் இடையே அது மாற்றிக் கொடுக்கும். சர்வர் வேறு டொமைனில் இருந்தால் சிஓஆர்எஸ் அனுமதியும் (வேறு டொமைனின் பக்கம் கேட்பதை ஏற்கும் அனுமதி) வேண்டும். பிரவுசரிலிருந்து சர்வருக்குப் பல செய்திகளைத் தொடர் ஓட்டமாக அனுப்புவது மட்டும் இதில் முடியாது. கல் இருப்புக் கேட்க அது தேவையும் இல்லை.