பி செல் போனால் மூட்டு வீக்கம் ஏன் வற்றுகிறது?

உசிலம்பட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: முடக்குவாதத்துக்காக அம்மாவுக்கு மதுரையில் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டார்கள். எதிர்ப்பு சக்தி செல்களில் ஒரு வகையான பி செல்களைக் காலி செய்கிற மருந்தாம். வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமி போன்றவற்றைக் கவ்வும் புரதம்) அளவு பெரிதாக இறங்கவில்லையே, எப்படி?

அருமையான கேள்வி. ஆன்டிபாடியைக் கொட்டுவது பி செல் முதிர்ந்து உருவாகும் பிளாஸ்மா செல். ரிட்டுக்ஸிமாப் பிடித்துக்கொள்ளும் சிடி20 புரதம் அதன் மேல் கிடையாது. அதனால் அது தப்பித்து, எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்து சுரந்துகொண்டே இருக்கும். அப்படியானால் போன பி செல்கள் வேறு ஏதோ வேலையும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தன. இன்னொரு வகை எதிர்ப்பு சக்தி செல்லான டி செல்களைத் தூண்டிவிடும் வேலை.

டி செல்லுக்கு முழுப் புரதம் கண்ணுக்குத் தெரியாது. யாராவது அதை விழுங்கி, நறுக்கி, துண்டை எம்எச்சி என்ற தட்டு மாதிரியான புரதத்தின் மேல் வைத்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் செல்களில் ஒன்றான டென்ட்ரிடிக் செல் கண்மாயில் வலை வீசுகிறவர் மாதிரி, சிக்கியதையெல்லாம் அள்ளும். பி செல் போடுவது தூண்டில். தனக்கான ஒரே மீனைத்தான் பிடிக்கும். ஆனால் அந்த மீன் ஆயிரத்தில் ஒரு பங்காக அருகிப்போனாலும் விடாது. நோய் எதிர்ப்பு ஆய்வாளர் அன்டோனியோ லான்சவெக்கியா 1985இல் டெட்டனஸ் நச்சுப் புரதத்தை வைத்து இதைக் காட்டினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். லேப் ரிப்போர்ட்டில் 'ஆர்ஏ ஃபேக்டர்' என்று வருகிறதே, அதுவும் ஒரு ஆன்டிபாடிதான். அதைச் செய்கிற பி செல் பிடிப்பது கிருமியை அல்ல, இன்னொரு ஆன்டிபாடியின் வாலை. வாலைப் பிடித்து இழுத்தால், அந்த ஆன்டிபாடி கவ்விக்கொண்டிருந்த பொருளும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். பிறகு அந்தப் பொருளின் துண்டைத்தான் டி செல்லிடம் காட்டும். ஆக, எந்தப் பொருளுக்கான டி செல்லையும் இந்த ஒரே பி செல் உதவிக்குக் கூப்பிட முடியும்! லான்சவெக்கியா குழுவே 1991இல் இதையும் ஆய்வகத்தில் காட்டியது. வந்த டி செல் சிடி40 என்ற புரதம் வழியே பி செல்லை உசுப்பும். பி செல் ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து டி செல்லை உசுப்பும். பி செல்லை எடுத்துவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது, வீக்கமும் வற்றுகிறது.

ஐஎல்-10 சுரந்து டி செல்லை அடக்குகிற பி செல்களும் உண்டு. மருந்து அவற்றையும் சேர்த்தே அழிக்கிறது. வேண்டியதை மட்டும் விட்டுவைக்கும் மருந்துக்கான ஆராய்ச்சிக்கு நம் அரசுகள் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், முடக்குவாதக்காரர்களிடம் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' பொடியை விற்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இவர்களுக்கு அது குறைந்தா போனது? தன் மூட்டையே தாக்குகிறது!

பி செல்கள் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடும். ஊசியை மறுபடி போடச் சொல்வது அதனால்தான். தடுப்பூசி ஏதும் பாக்கியிருந்தால் அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பி செல் இல்லாத நேரத்தில் போட்டால் அது சரியாகப் பிடிக்காது.