லிப்ரே ஆபீஸ் போடும் முன் பழைய ஃபைல்களைத் திறந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். கணக்கு எழுதும் அலுவலகங்கள், கடைகள், சாட்ஸ்வொர்த் பக்கம் சில கோயில் கமிட்டிகள், தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அப்போது பலர் புது மெஷின் வாங்க வேண்டி வந்தது. கூடவே, "மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கும் ராண்ட் கட்டணுமா தம்பி, இலவசமா ஒண்ணு இருக்காமே?" என்ற கேள்வியும் வந்தது.

இருக்கிறது. அதன் பெயர் லிப்ரே ஆபீஸ். ஆனால் எதைப் போடுவது என்பதிலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய பெயரைத் தேடி அதையே இறக்கிவிடுகிறார்கள். 2010-ல் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியதும், ஓப்பன் ஆபீஸில் உழைத்தவர்களில் பலர் விலகி வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். வளர்ச்சியெல்லாம் இப்போது அங்கேதான். பழையது இப்போது அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் இருக்கிறது; அதன் 4.1 பதிப்பு வெளிவந்தது 2014-ல். அதற்குப் பிறகு சில்லறைத் திருத்தங்கள் மட்டுமே. வேர்டின் டாக்ஸ் (docx) ஃபைலை அது திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்காது. அதைப் போட்டு அவதிப்பட்டுவிட்டு "இலவசம்னா இப்படித்தான்" என்று முடிவுக்கு வந்தவர்கள் நிறைய.

சரி, லிப்ரே ஆபீஸையே போட்டாயிற்று. பட்டன்கள் வேறு இடத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். உண்மையான தொல்லை பழைய ஃபைல்களில் இருக்கிறது, நம் தமிழ் அமைப்புகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. இங்கே காவடி நோட்டீஸ், பூஜைப் பட்டியல், வகுப்புப் பாடங்கள் எல்லாம் பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளில் அடித்தவை. அந்த ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்; ஃபாண்ட்தான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. புது மெஷினில் அந்த ஃபாண்ட் இல்லையென்றால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். "தம்பி, இந்த இலவசச் சாமான் தமிழையே தின்னுடுச்சு" என்று ஒரு கமிட்டி ஆன்ட்டி கோபித்துக்கொண்டார். பழியை லிப்ரே ஆபீஸ் ஏற்றுக்கொண்டது, பாவம்.

ஃபாண்டைப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் அதோடு முடியாது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் புது நிறுவலில் இயங்கிக்கொண்டிருக்கும். பாமினியில் சின்ன ஆங்கில எழுத்து ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்து இன்னொன்று. ஆக, அடிக்க அடிக்கச் சொல் மாறிப்போகும். வேர்டில் இதை யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள், அது இப்போது யாருக்கும் நினைவிருக்காது. பழைய ஃபாண்டை விட முடியாத அலுவலகங்களில் நான் முதலில் கைவைப்பது இந்த அமைப்பில்தான். முடிந்தவர்கள் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதைத் தமிழ் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் சேர்ந்து தமிழாகிவிடும்!

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு குழப்பம் உண்டு. லிப்ரே ஆபீஸில் வேர்டுக்கு இணையான ரைட்டர், தமிழைத் தனி வகை எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டைலில் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபாண்டும் அளவும், தமிழுக்கு வேறொன்று. ஆங்கிலத்துக்கான இடத்தில் 14 என்று போட்டுவிட்டு, "தமிழ் பெருசாகவே மாட்டேங்குது" என்று போன் செய்வார்கள். மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறை என்பதை இயக்கினால், ஸ்டைல் பக்கத்தில் தமிழுக்கான பகுதி தெரியும். அங்கே மாற்ற வேண்டும்.

கணக்கு அலுவலகங்களில் வருவது வேறு வம்பு. தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் பல ஆண்டுகளாகத் தசமத்துக்குக் காற்புள்ளியைத்தான் வைக்கிறது. வங்கியில் இருந்து இறக்கும் சிஎஸ்வி (வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணை) ஃபைலிலோ பெரும்பாலும் புள்ளி இருக்கும். எண் என்று நாம் நினைப்பதை மென்பொருள் வெறும் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். கூட்டல் அந்தக் கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். இது எக்ஸலிலும் உள்ள தலைவலிதான். லிப்ரே ஆபீஸில் எக்ஸலுக்கு இணையான கால்க்கில் சிஎஸ்வி திறக்கும்போது ஒரு பெட்டி வரும், அதில் மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று வைத்தால் புள்ளி சரியாகப் படிக்கப்படும். பெட்டியைப் படிக்காமல் ஓகே தட்டுகிறவர்கள் மொத்தத் தொகையை ஒருமுறை கையால் சரிபார்ப்பது நல்லது.

மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) நிறைந்த எக்ஸல் ஃபைல்கள் சில ஓடும், சில ஓடாது. போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. காலிப்ரி, கேம்ப்ரியா ஃபாண்டுகளுக்கு அதே அகலமுள்ள கார்லிட்டோவும் கலடியாவும் கூடவே வருவதால், வேர்ட் கடிதங்கள் பெரும்பாலும் வரி கலையாமல் நிற்கும். ஒரே ஃபைலை இரண்டு மென்பொருளிலும் மாற்றி மாற்றித் திருத்துவதை மட்டும் தவிருங்கள். வெளியே அனுப்புவது பிடிஎஃப் ஆக இருக்கட்டும். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. மீட்புத் தகவலைச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருக்கும், அதை 2 ஆக்குங்கள்.

இலவச மென்பொருள் இந்த நாட்டுக்குப் புதிய பேச்சும் இல்லை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவை 2004-ல் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர். 2007-ல் அமைச்சரவை திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. 2008-ல் மைக்ரோசாஃப்டின் கோப்பு வடிவத்தை ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு தரமாக ஏற்றதை எதிர்த்து இந்தியா, பிரேசில், வெனிசுவேலாவோடு சேர்ந்து தென்னாப்பிரிக்காவும் மேல்முறையீடு செய்து தோற்றது. இவ்வளவும் நடந்தும், இன்றைக்கும் நாம் அனுப்பும் இடங்களில் "வேர்டில் அனுப்புங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 மெஷின்களை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அங்கே அரசியலும் நிர்வாகக் குளறுபடியும் கலந்திருந்தன என்பது என் கணிப்பு. என்றாலும், ஆணை போட்டால் அலுவலகம் மாறிவிடாது என்பதற்கு அது போதும்.

அதனால் நான் யாரையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. மாதம் தவறாமல் திறக்கப்படும் ஃபைல்களைக் கேட்டு வாங்கி, லிப்ரே ஆபீஸில் திறந்து, அச்சடித்துப் பழையதோடு ஒப்பிடுகிறேன். மேக்ரோவை நம்பி வாழும் கணக்காளரிடம் எக்ஸல் இருக்கட்டும், அந்த ஒரு உரிமத்துக்குக் காசு கட்டுங்கள். கிராக் போட்ட ஆபீஸ் மட்டும் வேண்டாம்; அதை இயக்கும் திருட்டுக் கருவிகளோடு வைரஸும் சேர்ந்து வருவதுண்டு. கடிதம், நோட்டீஸ், பட்டியல் மட்டும் அடிக்கும் மற்றவர்களை முதலில் மாற்றுங்கள். நோட்டீஸ் அடிப்பவரைக் காவடி நெருங்கும் வாரத்தில் தொடாதீர்கள், திருவிழா முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.